கதவில் தொங்கிய சட்டை

கதவைத் திறக்கும்போது அவர் அதை லேசாகத் தூக்கித்தான் திறப்பார். அந்த வரிசையில் ஆறு குடித்தனங்கள். ஐந்து கதவுகள் திறக்கும்போதும் மூடும்போதும் முனகும். அவருடைய கதவு மட்டும் முனகாது. கீலுக்கு எண்ணெய் விட்டால் போதுமே, எதற்கு இந்தப் பாடு என்று ஒருமுறை கேட்டேன்.

"எண்ணெ காஞ்சு போயிரும் தம்பி. கைப்பழக்கம் காயாது" என்றார்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். நான் அவரை அண்ணே என்று கூப்பிட்டேன். வரிசையில் மற்றவர்கள் கிட்டார்காரர் என்றார்கள். அதைச் சொல்லும்போது எல்லோர் முகத்திலும் ஒரு சிரிப்பு இருக்கும். ஏனென்றால் அவர் கிட்டார் வாசித்து அவர்களில் யாரும் கேட்டதில்லை.

நான் அரியலூருக்கு வந்தது சர்க்கார் குமாஸ்தா வேலைக்கான பரீட்சைக்குப் படிப்பதற்காக. எங்கள் ஊர் வேப்பந்தட்டைக்குப் பக்கம். அப்பா அடுத்தவர் காட்டில் வேலை செய்கிறவர். எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். ஊரில் இருந்தால் படிப்பு ஓடாது என்று என்னை அங்கே அனுப்பினார்கள். ரயில்வே ஸ்டேஷனுக்குத் தெற்கே, நாட்டு ஓடு போட்ட அந்த வரிசையில், கடைசிக்கு முந்தின அறை எனக்குக் கிடைத்தது. கடைசி வீடு அவருடையது. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த சுவர் ஓடு வரைக்கும் போகாது. இரண்டு முழம் கீழேயே நின்றுவிடும். அதற்கு மேலே அவர் வீட்டு ரசத்தின் வாசனை என் அறைக்கு வரும். என் மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் புகை அவர் வீட்டுக்குப் போகும்.

வரிசையில் பாதிப் பேருக்கு சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் வேலை. ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்குகிறவர் தன் காக்கிச் சட்டையை வாசல் கதவு ஆணியில் வெளிப்பக்கம் தொங்கவிடுவார். சட்டை தொங்கினால் உள்ளே ஆள் தூங்குகிறார் என்று அர்த்தம். கீரைக்காரம்மா அந்த வாசலைத் தாண்டும்வரை கூவமாட்டார். பிள்ளைகள் கோலிக்குண்டை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விடும். இதை யாரும் உத்தரவாகப் போடவில்லை. ஆனாலும் மீறினவர்கள் கிடையாது.

இந்த வழக்கத்தை மற்றவர்கள் மதித்தார்கள் என்றால், அவர் பயந்தார். வேலை முடிந்து சைக்கிளில் வருகிறவர் தெருமுனையிலேயே இறங்கி உருட்டிக்கொண்டு வருவார். சைக்கிள் மணிக்குள் நூலைச் சுற்றி வைத்திருந்தார். வரிசையின் ஒரு கோடியிலிருந்து ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டே நடப்பார். ஒரு சட்டை தொங்கினாலும் அன்றைக்குக் கிட்டார் உறையிலேயே இருக்கும்.

சண்டை போடுவதானாலும் அப்படித்தான். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்காவுக்கு நல்ல கணீர்க் குரல். சுவருக்கு மேலே கேட்கும்.

"கொஞ்சம் சத்தமாத்தான் திட்டுங்களேன். திட்டு வாங்குனோம்னு எனக்கும் ஒரு திருப்தியா இருக்குமுல்ல."

அதற்கு அவர் சொல்கிற பதில் எனக்குக் கேட்காது. அக்கா சிரிப்பது மட்டும் கேட்கும்.

அண்ணனுடைய அம்மா திருச்சி ரயில்வே காலனியில், சட்டைக்காரர் என்று ஊரில் சொல்கிற ஒரு ஆங்கிலோ இந்திய என்ஜின் டிரைவர் வீட்டில் சமையல் வேலை செய்தவர். பின்கட்டில் ஒரு அறையில் தாயும் பிள்ளையும் இருந்தார்கள். டிரைவர் ராத்திரி வண்டி ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குவார். பையன் சத்தம் போடக்கூடாது, அப்படியானால் இருக்கலாம் என்பதுதான் பேச்சு. அந்த வீட்டுப் பிள்ளை கிட்டார் வாசிக்கும். இவருக்கும் சொல்லிக்கொடுத்தது. பிறகு அந்தக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது, தலைப்பக்கம் விரிசல் விட்டிருந்த கிட்டாரை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். இவ்வளவையும் அவர் ஒருநாள் தண்ணீர் பிடிக்க நின்றபோது சொன்னார். குடம் நிரம்புகிற சத்தம் இருந்ததால் சொன்னார் என்று நினைக்கிறேன்.

இப்போது நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

வந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். சாயங்காலம். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பக்கத்து மெஷினில் உட்காருகிறவர் என் ஊரைக் கேட்டார். சொன்னேன். எந்தத் தெரு என்று கேட்டார். அதையும் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் வேறு மெஷினுக்கு மாறி உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. அறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுப் பாயில் படுத்தேன். புத்தகம் நெஞ்சின் மேல் விரித்தபடி கிடந்தது. அப்போது சுவருக்கு மேலே கிட்டார் சத்தம் வந்தது. பயமில்லாமல், நிதானமாக, ஒரு ஆள் தன் வீட்டில் நடமாடுகிற மாதிரி வந்தது. என்ன பாட்டு என்று தெரியவில்லை. அதைக் கேட்கக் கேட்க என்னால் தாங்க முடியவில்லை. முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டேன். அது நின்றால் போதும் என்று இருந்தது.

எழுந்து சுவரைப் பார்த்துச் சொன்னேன்: "அண்ணே, அடுத்த வாரம் எனக்குப் பரீட்சைங்க. கொஞ்சம் நிறுத்திக்கிறீங்களா?"

பரீட்சைக்கு எட்டு மாதம் இருந்தது.

பாட்டு பாதியில் நின்றது. கொஞ்ச நேரத்தில் என் வாசலில் வந்து நின்றார். வெற்றுக் காலோடு வந்திருந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. இத்தன நாளா இந்த ரூம் காலியா கெடந்துச்சு. அந்தப் பழக்கத்துல வாசிச்சுட்டேன். ஒண்ணு செய்யுங்க. நீங்களும் ஒரு சட்டையத் தொங்கவிடுங்க. தூங்குறதும் படிக்கிறதும் ஒண்ணுதான். ரெண்டையும் கலைக்கப்படாது."

என்னிடம் மூன்று சட்டைகள் இருந்தன. பழைய நீலச் சட்டையை ஆணியில் மாட்டினேன். மறு வாரம் அவர் கேட்டார், பரீட்சை எப்படி எழுதினீங்க என்று. தள்ளி வைத்துவிட்டார்கள் என்றேன். அப்படியா என்று வருத்தப்பட்டார். அடுத்த மாதமும் கேட்டார். இன்னும் தேதி சொல்லவில்லை என்றேன். சட்டை ஆணியிலேயே கிடந்தது.

பின்னால் ஒருநாள் அக்கா பேச்சுவாக்கில் சொன்னார்: "அந்த ரூம ஒங்களுக்குக் குடுக்கச் சொல்லி ஓனர்கிட்ட பேசுனதே இவருதான். படிக்கிற புள்ள, பாவம்னு. அது காலியா இருந்தப்பத்தான் கொஞ்சம் தைரியமா வாசிப்பாரு. அடுப்படி வரைக்கும் கேக்கும். நல்லாத்தான் இருக்கும்." அக்கா என்மேல் குறையாகச் சொல்லவில்லை. கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னார்.

பொங்கலுக்கு நான் ஊருக்குப் போய்ப் பதினைந்து நாள் இருந்துவிட்டு வந்தேன். அவசரத்தில் சட்டையை எடுக்க மறந்திருந்தேன். திரும்பி வந்து பூட்டைத் திறக்கும்போது அக்கா வாசலில் நின்றார்.

"வாங்க தம்பி. நல்லவேளை வந்தீங்க. பூட்டுன வூட்டுக்குப் பயந்துக்கிட்டு இந்த மனுசன் இந்தப் பதினஞ்சு நாளும்கூட சத்தமா வாசிக்கல."

"நான்தான் ஊர்ல இல்லையே அண்ணே" என்றேன், அக்காவுக்குப் பின்னால் வந்து நின்றவரிடம்.

"தெரியும் தம்பி. ஆனா சட்டை தொங்குச்சே" என்றார். பிறகு, தன் பதில் தனக்கே போதாதது போல, "மனசு வரல" என்றார்.

அன்றைக்கு அந்தச் சட்டையை நான் எடுத்திருக்கலாம். எடுத்தால் இத்தனை மாதம் ஏன் மாட்டினாய் என்று ஆகிவிடும். பொய் சொன்னவனுக்கு அப்படித்தான் தோன்றும். துவைத்து மறுபடியும் மாட்டினேன்.

ஆனால் அவர் பயிற்சியை விடவில்லை. அதற்கு ஒரு வழி செய்துகொண்டார். பழைய வேட்டியிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்குத் துணி கிழித்து, கிட்டாரின் அடிப்பக்கம் கம்பிகளுக்குக் கீழே திணித்துவிடுவார். கம்பி அதிர்வதற்குள் துணி பிடித்துக்கொள்ளும். நகம் படாமல் கட்டைவிரல் சதையால் மட்டும் மீட்டுவார். நான் ஒருநாள் தீப்பெட்டி கேட்கப் போனபோது பார்த்தேன். கைகள் நடக்கின்றன. இடது கை விரல்கள் ஓடுகின்றன, தாவுகின்றன, திரும்புகின்றன. சத்தமே இல்லை. அவர் தலையைக் குனிந்து, தாடையைக் கிட்டாரின் தோளில் அழுத்தி வைத்துக் கண்ணை மூடியிருந்தார்.

என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டார். "இப்புடி வச்சா எலும்பு வழியா கேக்கும் தம்பி. வச்சுப் பாருங்களேன்" என்றார்.

வைத்தேன். அவர் வாசித்தார். மண்டைக்குள் மழை பெய்த மாதிரி இருந்தது. ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகவும் சேர்ந்தும், பல் வரைக்கும் வந்தது. தாடையை எடுத்தேன். ஒன்றுமில்லை. மறுபடி வைத்தேன். மறுபடி மழை. அவர் எவ்வளவு நல்ல வாசிப்புக்காரர் என்று தெரிந்த ஆட்கள் அப்போது இரண்டு பேர்தான். ஒருவர் அவர், இன்னொருவன் நான். முன்பு அடுப்படியில் கேட்ட அக்காவுக்குக்கூட அந்த எட்டு மாதமும் கேட்க வழியில்லை.

அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குத் திருச்சியிலிருந்து மெல்லிசைக் குழு வரும். அதில் வாசிக்க வேண்டும். அந்தக் குழுக்காரரின் விலாசத்தை வாங்கி வைத்துக்கொண்டு நாலு வருஷமாகக் கார்டு போட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு மேடை தம்பி. அவ முன்னால வந்து உக்காந்து கேக்கணும். வேற ஒண்ணும் இல்ல" என்பார்.

"நாலு வருசமா இவரு எழுதுறதப் பாத்துத் தபால்காரருக்கே பாவமா போச்சு. அவரே ஒரு பதில் எழுதிப் போட்டாலும் போடுவாரு" என்பார் அக்கா.

மாசியில் பதில் வந்தது. அவர் வேலைக்குப் போயிருந்தார். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. நான் வாசித்துக் காட்டினேன். சித்திரைத் திருவிழாக்களுக்கு ஒரு கிட்டார் ஆள் தேவைப்படுகிறது, வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து வாசித்துக்காட்டவும் என்று இருந்தது. அக்கா கார்டை வாங்கினார். முந்தானையால் கார்டைத் துடைத்தார். அதில் அழுக்கு எதுவும் இல்லை. "ஒரு எட்டு போயி அவருட்ட குடுத்துருங்க தம்பி" என்றார்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு குவாரிக்குப் போனேன். அதுவரை அவர் சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை செய்கிறார் என்றுதான் தெரியும், என்ன வேலை என்று தெரியாது. தூரத்திலேயே ஒரு குரல் கேட்டது. "வெடீ... வெடி வக்கிறாங்கோ... ஓரம் போ... ஓரம் போ..." விசில் சத்தம். மறுபடி குரல். பள்ளத்தின் விளிம்பில் சிவப்புக் கொடியை ஆட்டிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க நின்றது அவர்தான். அந்தக் குரல் அவருக்குள் எங்கே இருந்தது என்று எனக்கு விளங்கவில்லை. வெடி வெடித்தது. என் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. வெள்ளைப் புழுதி எழுந்து அவரை மூடியது.

புழுதி அடங்கியதும் என்னைப் பார்த்து வந்தார். "ஏன் தம்பி வெயில்ல வந்தீங்க? படிப்பு கெட்டுப்போச்சே" என்றார். பழைய மெல்லிய குரல்.

கார்டைக் கொடுத்தேன். படித்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி படித்தார். வெடிக்குப் பிறகு காது கொஞ்ச நேரம் அடைத்திருக்கும் என்றார். கண் கலங்கியதற்கு அதையே காரணமாகச் சொன்னார்.

இடையில் நான்கு நாட்கள் இருந்தன. அந்த நான்கு நாளாவது சட்டையை எடுத்திருக்க வேண்டும். "அண்ணே, துணிய எடுத்துட்டு நல்லா வாசிங்க, எனக்கு ஒண்ணுமில்ல" என்று சொன்னேன். சொல்லத்தான் செய்தேன். "வேணாம் தம்பி, ஒங்களுக்கு அடுத்த மாசம் பரீட்சை. எனக்குப் பாட்டெல்லாம் வெரல்ல இருக்கு" என்றார். முதன்முறையாக அது உண்மையான தேதி. அதனால் நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போகக் கூச்சமாக இருக்கிறது என்று என்னைக் கூப்பிட்டார். பாசஞ்சர் ரயிலில் போனோம். கொள்ளிடம் பாலத்தில் வண்டி தடதடவென்று ஏறியதும் உறையைப் பிரித்துக் கிட்டாரை எடுத்தார். "இந்தச் சத்தத்துல வாசிச்சா யாருக்கும் எடஞ்சல் இல்ல" என்று சிரித்துவிட்டு, தாடையை வைத்துக்கொண்டு பாலம் முடிகிறவரை வாசித்தார். முடிந்ததும் உறையில் போட்டுவிட்டார். எதிரில் உட்கார்ந்திருந்த வெற்றிலைக்காரர் என்னைப் பார்த்து, இவருக்கு என்ன என்பது போலக் கையை ஆட்டினார்.

ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் ஒத்திகை நடந்தது. டிரம், தபலா, ஆர்மோனியம், பாடுகிற ஒரு பெண். குழுக்காரர் நல்ல மனிதர். நாற்காலி போடச் சொன்னார், பிறகு மேடையில் நின்றுதான் வாசிக்க வேண்டும், நின்றே வாசியுங்கள் என்றார். இவர் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். நின்றால் தாடையை வைக்க முடியாது. துணியை ரயிலிலேயே எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருந்தார். அதன் நுனி வெளியே தெரிந்தது.

பாட்டு ஆரம்பித்தது. அவருடைய விரல்கள் ஓடின. நான் பக்கத்தில் இருந்தேன். எனக்கே கேட்கவில்லை.

"சார், கொஞ்சம் தூக்கி வாசிங்க" என்றார் குழுக்காரர்.

தலையாட்டினார். வாசித்தார்.

"இன்னும், இன்னும்."

டிரம்காரப் பையன், "வாசிக்கிறாரா, தடவிக் குடுக்கிறாரா" என்றான். பாடுகிற பெண் சிரிப்பை அடக்கினாள். குழுக்காரர் அவனை அதட்டிவிட்டு, மீட்டுவதற்கு ஒரு பிளாஸ்டிக் சில்லைக் கொடுத்தார். அதை வைத்து அவர் ஒரு முறை ஓங்கி மீட்டினார். சத்தம் பெரிதாக வந்தது. அந்தச் சத்தத்தில் அவரே திடுக்கிட்டுக் கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திவிட்டார். தூங்குகிற குழந்தையின் பக்கத்தில் பாத்திரத்தைப் போட்டுவிட்டவர் போல எங்களைச் சுற்றிப் பார்த்தார். மறுபடி முயன்றார். ஒவ்வொரு முறையும் உள்ளங்கை தானாகப் போய் விழுந்தது.

குழுக்காரர் கடைசியில் தோளைத் தொட்டுச் சொன்னார்: "வெரலு அருமையா போவுது சார். கைதான் பயப்படுது. ஒரு ஆறேழு மாசம் நல்லா சத்தமா வாசிச்சுப் பழகிட்டு வாங்க. இந்த சித்திரைக்கு வேற ஆளு பாத்துக்கறேன்."

ஆறேழு மாசம். என் காதில் அது மட்டும்தான் விழுந்தது.

திரும்பும்போது பாலம் வந்தது. அவர் கிட்டாரை எடுக்கவில்லை. பாலம் தாண்டி வண்டியின் சத்தம் தணிந்த பிறகு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அவங்களுக்குக் கேக்கலங்கிறாங்க தம்பி. எனக்கு நல்லா கேட்டுச்சு."

அன்று சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. வாசலில் அக்கா நின்றிருந்தார். அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வந்த விதத்திலேயே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. "மொதல்ல சாப்புடுங்க, ரெண்டு பேரும்" என்றார்.

பரீட்சையை எழுதினேன். முடிவு வரட்டும் என்று சட்டையை ஆணியிலேயே விட்டுவைத்தேன். ஐப்பசியில் உத்தரவு வந்தது. பெரம்பலூரில் ஒரு ஆபீசில் குமாஸ்தா வேலை. அரியலூரை விட்டுக் கிளம்புகிற அன்று மத்தியானம் என் ஒரே பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு வெளியே வந்தேன். வரிசையில் வேறு எந்தக் கதவிலும் சட்டை இல்லை. ஆணியிலிருந்து நீலச் சட்டையை எடுத்தேன். அது இருந்த இடத்தில் கதவின் பச்சை வர்ணம் வெளிறாமல் ஒரு சட்டை அளவுக்கு அப்படியே இருந்தது.

சொல்லிக்கொள்ளப் போனேன். அக்கா எனக்காக உள்ளே பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் தரையில் உட்கார்ந்திருந்தார். நான் எதிரில் உட்கார்ந்து, "அண்ணே, அன்னைக்கு எனக்குப் பரீட்சை இல்லைங்க. பொய் சொன்னேன்" என்றேன்.

அவர் என் கையிலிருந்த சட்டையைப் பார்த்தார்.

"தெரியும் தம்பி. அன்னைக்கு நீங்க அழுதீங்க. கேட்டுச்சு. செவுரு பாதிதானே."

நான் சட்டையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டேன். அவரே தொடர்ந்தார். "அழுவுற ஆளு நிறுத்தச் சொன்னா நிறுத்தத்தானே வேணும். பரீட்சைன்னு சொன்னீங்க. சரி, நல்ல காரணமாத்தான் இருக்குன்னு விட்டுட்டேன்."

சுவரில் சாய்ந்திருந்த கிட்டாரை எடுத்து அவர் மடியில் வைத்தேன். கம்பிகளுக்கு அடியில் திணித்திருந்த துணியை நானே உருவி எடுத்தேன். "இன்னைக்கு வரிசையில ஒரு சட்டையும் தொங்கலண்ணே. அக்காவுக்குக் கேக்குற மாதிரி வாசிங்க. கேட்டுட்டுப் போறேன்."

சரி என்றார். நிமிர்ந்து உட்கார்ந்தார். தாடையை வைக்கவில்லை. நான் முதல் நாள் நிறுத்தச் சொன்ன பாட்டைத்தான் எடுத்தார். விரல்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். விரல்கள் ஓடின, தாவின, திரும்பின. துணி என் கையில் இருந்தது. அவருடைய கட்டைவிரல் கம்பிகளின் மேல், துணி இருந்தபோது எப்படிப் போனதோ அப்படியே போனது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்தேன். அடுப்படியில் எண்ணெய் சீறுகிற சத்தம்தான் கேட்டது.

அவர் பாதிப் பாட்டைத் தாண்டியிருப்பார். உள்ளேயிருந்து அக்கா கேட்டார்:

"என்னங்க, இன்னும் ஆரம்பிக்கலையா?"